யாரோ கடித்த முட்டை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய் பிசாசு, காத்து கருப்பு இதையெல்லாம் நம்புகிற ஆள் நான் இல்லை. இருபத்திரண்டு வருடமாகக் கண்ணமங்கலத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். ஊரார் சளியைக் கண்ணாடித் துண்டில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது என் பிழைப்பு. மனுஷனுக்குள் என்னென்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அதில் ஆவி எதுவும் இருந்து நான் பார்த்ததில்லை. இப்போது சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரிப்பேன். ஆனால் நடந்தது நடந்ததுதான். அதுவும் ராத்திரியில் இல்லை, பட்டப்பகலில்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். எனக்கு எச்சில் என்றால் ஆகாது. கையுறை போட்டுக்கொண்டு அடுத்தவர் சளியைத் தொடுவேன், அது வேலை. ஆனால் அடுத்தவர் வாய் வைத்த டம்ளரைக் கண்டால் குமட்டும். கட்டின மனைவி கடித்துக் கொடுத்த கொய்யாவைக்கூட இன்றுவரை தின்றதில்லை. ரேவதி இதைச் சொல்லி என்னைக் கிண்டல் செய்யாத நாள் கிடையாது.

ரேவதி அரசுப் பள்ளி ஆசிரியை. என் அப்பா பக்கவாதத்தில் படுத்துக்கிடந்த எட்டு வருடமும் அவரைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான், நான் இல்லை. வாய் துடைப்பது, படுக்கை மாற்றுவது எல்லாம் அவள்தான் செய்தாள், நான் வாசலோடு நின்றுவிடுவேன். அந்த எட்டு வருடத்தில் அவள் திருப்பதியைத் தாண்டி எங்கும் போகவில்லை. அப்பா காலமாகி ஒரு வருடம் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்.

"நேபாளத்த இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் கார்லயே போவணுங்க. ரூமெல்லாம் வேணாம். டென்ட்டு போட்டுத் தங்கணும்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மறுநாளே கார் ஓட்டக் கற்றுக்கொள்ளச் சேர்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை. கூடத்துச் சுவரில் நேபாள வரைபடம், அதில் கிழக்கே காக்கர்பிட்டாவில் நுழைந்து மேற்கே மகேந்திரநகரில் வெளியே வருகிற மாதிரி சிவப்புப் பேனாக் கோடு. நம் வண்டியை அங்கே ஓட்ட எல்லையில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், அரசு ஊழியர் வெளிநாடு போவதென்றால் துறையிடம் அனுமதி வாங்க வேண்டும், எல்லாவற்றுக்கும் தனித்தனி கோப்பு. மே மாத விடுமுறையில் நாற்பது நாள். சமையல் என் பொறுப்பு, ஏனென்றால் வழியில் கண்ட கடையில் நான் சாப்பிடமாட்டேன். அதற்கு முன்னால் கூடாரத்தையும் அடுப்பையும் இரண்டு நாள் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று பொங்கல் முடிந்த வாரம் ஜவ்வாது மலைக்குக் கிளம்பினோம். இது என் யோசனை. என் வாயால் சொன்ன யோசனை.

சந்தவாசல் வழியாகப் போய் மலையேறி, ஜமுனாமரத்தூருக்கு முன்னால் ஒரு மண்பாதையில் திரும்பினோம். காட்டுக்குள் கூடாரம் போட வனத்துறை விடாது, அதனால் பட்டா நிலமாகக் கேட்டு வைத்திருந்தோம். நிலத்துக்காரி பெயர் சாந்தி. நாற்பது வயதிருக்கும், வேகமாகப் பேசுவாள், இடுப்பில் செல்போன். சாமை அறுத்து முடித்த நிலம், ஓரத்தில் புளியமரங்கள், நடுவில் கதிர் அடிக்கிற அகலமான பாறை. அந்தப் பாறை மேலேயே கூடாரம் போடச் சொன்னாள். பாறையின் ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நட்டிருந்தது. அதில் பொட்டும் இல்லை, பூவும் இல்லை, துணியும் இல்லை.

"இன்னா ஆக்குனாலும் மொதல்ல ஒரு புடி அந்தக் கல்லுகிட்ட வெச்சுடுங்க. அப்பறமா நீங்க துன்னுங்க," என்றாள் சாந்தி.

"இன்னா சாமி அது?" என்று ரேவதி கேட்டாள்.

"சாமியா? அதெல்லாம் தெரியாதுங்க. கல்லு. நாங்க வெப்போம்." போய்விட்டாள்.

எனக்கு இதில் நம்பிக்கை இல்லை, ஆனாலும் ஒரு பிடி சோறு வைப்பதில் என்ன போகிறது? மதியம் புதுக் கேஸ் அடுப்பில் தக்காளி சாதம் கிளறி நாலு முட்டை அவித்தேன். எப்போதும் செய்கிற மாதிரி கரண்டியால் சாதம் கொஞ்சம் உள்ளங்கையில் போட்டு, நக்கி, உப்பு பார்த்தேன். ரேவதி கையிலும் கொஞ்சம் போட்டேன், அவளும் பார்த்தாள். "இன்னும் ஒரு கல்லு உப்பு போடலாம்," என்றாள். போட்டேன். பிறகு அதே கையால் ஒரு பிடி அள்ளிக் கொண்டுபோய்க் கல்லின் அடியில் வைத்துவிட்டு வந்தேன். ஒன்றுமே தோன்றவில்லை. ஊர் எச்சிலெல்லாம் எனக்கு எச்சில், என் எச்சில் மட்டும் எனக்கு எச்சில் இல்லை.

முட்டையை நானேதான் உடைத்தேன். ஓட்டில் விரிசல்கூடக் கிடையாது, தட்டில் தட்டி உடைத்து, தோலை உரித்தேன். நம்பினால் நம்புங்கள், உள்ளே வெள்ளைக் கருவில் ஒரு வாய் கடித்திருந்தது. மேலே நாலு பல், கீழே நாலு பல், தெளிவாகப் பதிந்திருந்தது. கடித்த இடம் பளபளவென்று ஈரமாக இருந்தது. தூக்கியபோது அந்த ஈரம் முட்டைக்கும் ஓட்டுக்கும் நடுவில் நூல் மாதிரி இழுத்து அறுந்தது. பாறை ஓரமாக ஓடிப்போய் வாந்தி எடுத்தேன்.

"கோழிக்கு ஏதோ கோளாறு, வுடுங்க," என்று ரேவதி அதை வாங்கிப் புதருக்குள் வீசினாள். "உனுது?" என்று கேட்டேன். "என்னுது நல்லாத்தான் இருக்கு," என்று என் கண்ணெதிரே தின்றாள்.

வாயைக் கொப்பளித்துவிட்டு, சரி, சோறாவது தின்போம் என்று ஒரு கவளம் வாயில் வைத்தேன். அது ஏற்கெனவே மென்ற சோறு. எப்படிச் சொல்வது, குழந்தைக்கு மென்று ஊட்டுவார்களே, அப்படிக் கூழாக, இன்னொரு வாயின் கொழகொழப்போடு நாக்கில் வந்து உட்கார்ந்தது. துப்பினேன். துப்பியதைப் பார்த்தால் பருக்கை பருக்கையாக முழுச் சோறு. தண்ணீர் குடிக்கலாம் என்றால் டம்ளர் விளிம்பு ஈரம். எப்போதும் அண்ணாந்து குடிக்கிறவன் நான், என் டம்ளர் விளிம்பு எப்படி ஈரமாகும்? அன்று மாலையே கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டோம். கல்லடியில் வைத்த பிடி சோறு அப்படியே இருந்தது, ஈகூட உட்காரவில்லை.

வீட்டுக்கு வந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. இட்லியைப் பிட்டால் உள்ளே கடி. வாழைப்பழத்தை உரித்தால் நுனி ஈரம். கடியே இல்லாத சாமானாக இருந்தாலும் வாயில் வைத்ததும் அந்தக் குளிர்ந்த, யாருடையதோ தெரியாத வழவழப்பு. பல் மருத்துவர், வயிற்று மருத்துவர், நரம்பு மருத்துவர் என்று எல்லோரையும் பார்த்தேன். எல்லாம் நன்றாக இருக்கிறதாம். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் டப்பாவில் இருந்த இட்லியின் ஈரத்தைப் பஞ்சில் ஒற்றி, வேலை இடத்துக்குக் கொண்டுபோய்க் கண்ணாடித் துண்டில் தடவிப் பார்த்தேன். கன்னத்தின் உள்பக்கத்தில் இருக்கிற தோல் செல்கள், தட்டைத் தட்டையாக, நடுவில் புள்ளியோடு. எந்த மனுஷன் வாயிலும் இருப்பவை. அந்த இட்லியில் நான் வாய் வைக்கவே இல்லை.

மார்ச் மாதம் நான் மட்டும் மலைக்குப் போய்ச் சாந்தியைப் பார்த்தேன். புளி அடித்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் சிரிக்கவும் இல்லை, பயப்படவும் இல்லை.

"வெக்கறதுக்கு முன்ன வாயில வெச்சுப் பாத்தீங்களா?"

"வாயில எங்க வெச்சேன்? கையில போட்டுத்தான் உப்பு பாத்தேன்."

"அந்தக் கையாலயா வெச்சீங்க?" அவள் முகம் சுளித்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். என் வாழ்நாளில் ஒருத்தரும் என்னை அப்படி அருவருப்பாகப் பார்த்ததில்லை. அடுத்தவர்களை நான் அப்படிப் பார்த்திருக்கிறேன். "நாங்க யாரும் உப்பே பாக்கமாட்டோம் சார். நீங்க ஒங்க எச்சில அதுக்குக் குடுத்தீங்க. அது அதோட எச்சில ஒங்களுக்குக் குடுக்குது. இதுல இன்னா தப்பு?"

"இதுக்கு இன்னா பண்ணணும்? எப்ப போவும்?"

"எனக்கெப்டித் தெரியும்? எங்காளுங்க யாரும் இந்த வேல செஞ்சதில்லயே," என்று சொல்லிவிட்டுப் புளி அடிக்கப் போய்விட்டாள். நானே அன்றைக்கு உப்பு பார்க்காமல் ஒரு பானைச் சோறு ஆக்கிக் கல்லுக்கு வைத்துப் பார்த்தேன். ஒன்றும் மாறவில்லை.

ஏப்ரலுக்குள் ஒன்பது கிலோ இறங்கிவிட்டேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு கஞ்சி குடிக்கிறவன் நாற்பது நாள் கூடாரத்தில் எப்படி இருப்பது? நான் வரவில்லை என்றால் பயணமே நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். அவள் சுவரில் இருந்த வரைபடத்தைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு வருடம் வாசலோடு நின்றவன் இதையும் கெடுத்தால் நான் மனுஷனே இல்லை என்று தோன்றியது. அவள் பள்ளியிலேயே வேலை பார்க்கும் கலா டீச்சர் அவளோடு போகத் தயாராக இருந்தார். "நீ கலா டீச்சரோட போ. நான் இங்க கஞ்சி குடிச்சிக்கினு கெடக்கறேன்," என்றேன்.

மே மாதம் கிளம்பினார்கள். ஆறாவது நாள் காலை பத்தரைக்குக் காக்கர்பிட்டா எல்லையில் நின்று புகைப்படம் அனுப்பினாள். வெயிலில் கறுத்து, வாயெல்லாம் பல்லாக இருந்தாள். அன்று மதியம் வேலை இடத்தில் ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரித்தேன். எப்போதும் போல ஒரு கடி இருந்தது. அதற்கு எதிர்ப்பக்கம் இன்னொரு கடி. முதலாவது அகலம், இது கொஞ்சம் குறுகல். தொட்டுப் பார்த்தேன். பழைய கடி எப்போதும் போலச் சில்லென்றிருந்தது. புதியது வெதுவெதுப்பாக இருந்தது.

சாயங்காலம் ரேவதி போன் செய்தாள். ஆற்றங்கரையில் கூடாரம் போட்டிருந்தார்களாம், தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

"ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காதீங்க. எனக்கு அது போயிடுச்சுங்க. இன்னைக்குக் காலையில பார்டர் தாண்டுனதும் போயிடுச்சு."

"எது போயிடுச்சு?"

"அதாங்க. வாயில." தண்ணீர்ச் சத்தம் பெரிதானது, கரையை ஒட்டி நடந்தாள் போல. "அன்னைக்கு என் முட்டையிலயும் பல்லு இருந்துச்சு. நான் துன்னுட்டேன்."

"நாலு மாசமா? ஏன்டி சொல்லல?"

"நானும் சொல்லியிருந்தா நீங்க என்ன அனுப்பியிருப்பீங்களா?" அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. நாலு மாதம் என் எதிரில் உட்கார்ந்து, நான் துப்பிக்கொண்டிருக்க, அவள் அதே கடித்த இட்லியை, அதே வழவழப்பை, முகம் மாறாமல் விழுங்கியிருக்கிறாள். அந்த நேரம் வந்த அழுகையும் குமட்டலும் ஒன்றாகத்தான் வந்தது, எது எது என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

பிறகு அவள் கேட்டாள். "உங்களுக்கு எப்படி இருக்கு? போயிடுச்சா?"

மேசை மேல் அந்த ஆரஞ்சு இருந்தது, மதியம் புதிதாக வந்த கடியோடு. "எனக்கும் போயிடுச்சு," என்றேன்.

அவள் மகேந்திரநகர் வரை போய், ஜூன் மாதம் நல்லபடியாகத் திரும்பி வந்துவிட்டாள். அவளுக்கு அது திரும்ப வரவில்லை. வாய்விட்டுச் சிரிக்கிறாள், வாய் நிறையச் சாப்பிடுகிறாள், அடுத்து பூட்டான் போகலாமா என்று கேட்கிறாள். நான் தேறிவிட்டேன் என்று அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். இன்று காலைகூட என் எதிரில் உட்கார்ந்து பூட்டான் சாலைகளைப் பற்றிப் பேசிக்கொண்டே தட்டில் இட்லி வைத்தாள். பிட்டுப் பார்த்தேன். இரண்டு பக்கமும் கடி இருந்தது. அவளுக்குத் தெரியாமல் திருப்பி வைத்துக்கொண்டு, மெல்லாமல் விழுங்கினேன்.

"இன்னொண்ணு வெக்கட்டுமாங்க?" என்றாள்.

"வை," என்றேன்.