சீட்டில்லாமல் ஒரு அட்டை

கொச்சியில், கொச்சங்காடி மருந்துக்கடையில் பொன்மணி பதினோரு வருஷம் நின்றவள். வாயைத் திறந்தால் கறார். டாக்டர் சீட்டு இல்லையென்றால் முதலாளியின் மச்சானுக்கும் மருந்து கிடையாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்கட்டுமே, இல்லாத வீட்டுப் பெண்ணுக்கு நிமிர்ந்து நிற்க ஏதாவது வேண்டாமா?

இரண்டாயிரத்து மூன்றில் ஒரு காலை, இசக்கிராஜா வந்தார். மிளகுக் கிடங்கில் மூட்டை தூக்குபவர், அவளுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவர். பீடி இழுத்து இழுத்து நெஞ்சைக் கெடுத்துக்கொண்ட மனுஷன். ஒரு மருத்துவ முகாமில் டாக்டர் கொடுத்த நிக்கோட்டின் சூயிங்கத்தை மென்று, பத்தொன்பது நாளாகப் பீடியைத் தொடாமல் இருந்தார்.

"தங்கச்சி, அந்த மிட்டாய் தீந்துட்டு. ஒரு அட்டை தா."

"சீட்டு கொண்டாங்க அண்ணாச்சி. சட்டம்."

"ஆஸ்பத்திரிக்குப் போனா இன்னைக்குப் பணி போயிரும்லா. பீடிக்கு எவனும் சீட்டு கேக்கலியே?"

"அது பெட்டிக்கடை. இது மருந்து."

அவர் கேட்டது நியாயம், அவள் சொன்னதுதான் வெட்டிப் பேச்சு. போக மனசில்லாமல் அவர் ஓரமாக ஒதுங்கி நின்றார். அந்த நேரம் பார்த்து, கலூரிலிருந்து வருவதாகச் சொன்ன ஒருவர் காரை நிறுத்தி இறங்கி அதே மருந்தைக் கேட்டார். சீட்டு வீட்டில் இருக்கிறது என்றார், மலையாளத்தில்.

"ஆயிக்கோட்டே சாரே", ஆகட்டும் சார் என்று பொன்மணி இரண்டு அட்டையைக் கவரில் போட்டுக் கொடுத்தாள்.

கார் போன பிறகுதான் இசக்கிராஜா இன்னும் நிற்பதைக் கண்டாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்தக் கார்க்காரரிடம் சீட்டு கேட்க ஏன் நாக்கு எழவில்லை? சட்டையைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள், அவ்வளவுதான். சீ, இதுவும் ஒரு பிழைப்பா? மத்தியானம் ஒரு அட்டையைக் கையில் பொத்திக்கொண்டு கிடங்குக்கு நடந்தாள்.

எதிரே பெட்டிக்கடையில் இசக்கிராஜா. விரலிடுக்கில் பீடி. அவளைக் கண்டதும் திருடி மாட்டிக்கொண்டவர்போல அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"ஒண்ணே ஒண்ணுதான் தங்கச்சி" என்றார்.

அவள் அட்டையை நீட்டினாள்.

"வேண்டாம்மா. ஒன் வேலைக்கு ஏதாவது வந்துரப் போவுது. நாளைக்குச் சீட்டோட வாறேன்."

அவர் குரலில் கிண்டலே இல்லை.

சீட்டோடு அவர் வரவேயில்லை. பிறகு வந்ததெல்லாம் இருமல் மருந்துக்குத்தான். ஒவ்வொரு முறையும் பொன்மணி அலமாரியைப் பார்த்தபடியே பாட்டிலை எடுத்து நீட்டினாள்.