கட்சால் பூத்தில் மை வைத்த காசிம்

காசிம் போய்விட்டான்.

காலையில் போர்ட் பிளேரிலிருந்து அவன் மகள் போன் செய்தாள். "சாச்சா, வாப்பா..." என்றாள். அதற்கு மேல் பேச வரவில்லை அவளுக்கு. டீ குடித்துக்கொண்டே சேரில் சாய்ந்தானாம். அவ்வளவுதான்...

நேற்று மாலை என்னோடு முக்கால் மணி நேரம் வீடியோ காலில் இருந்தவன். குழம்பில் புளி அதிகம் என்று பெண்டாட்டியைக் கிண்டல் செய்தவன். எப்படி நம்புவது? எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளில் நாங்கள் இரண்டு பேரும் போர்ட் பிளேரில் ஒரே ஆபீசில் கிளார்க். நான் திருநெல்வேலியிலிருந்து வேலைக்குப் போனவன். அவன் அங்கேயே வளர்ந்தவன், பஜாரில் அவன் வாப்பாவுக்குத் துணிக்கடை.

எலெக்‌ஷன் வந்தது. தெற்கே நிக்கோபாரில் இருக்கிற கட்சால் தீவுக்கு டியூட்டி என்றதும் ஆபீசில் பாதிப் பேருக்குக் காய்ச்சல்! கப்பல் பயம். இவன் தானாகப் போய்ப் பெயர் கொடுத்து, என் பெயரையும் சேர்த்து எழுதிவிட்டு வந்து நிற்கிறான்.

"ஏலே, உனக்குக் கோட்டி பிடிச்சிருக்கா?"

"அரே பாய், நாம போகலேன்னா பெட்டி போகாது. பெட்டி போகலேன்னா அந்த ஜனம் எங்க போய் ஓட்டு போடும்?"

அவனுக்கு அதுதான் முதல் ஓட்டு. அப்போதெல்லாம் ஓட்டுக்கு இருபத்தொரு வயது; அது முடிந்து லிஸ்டில் பெயர் வந்திருந்தது. டியூட்டி சர்ட்டிஃபிகேட் இருந்தால் வேலை பார்க்கிற பூத்திலேயே போடலாம். கப்பலில் அதைப் பத்துத் தடவையாவது எடுத்துப் பார்த்திருப்பான்.

கட்சாலில் ரப்பர் தோட்டத்து ஜனம். சிலோனிலிருந்து வந்து குடியேறியவர்கள், அங்கே ஓட்டே இல்லாமல் இருந்தவர்கள். பால் வெட்டி முடித்துவிட்டு லைனாக வந்து நின்றார்கள். லிஸ்டும் விரலும் பார்ப்பது நான். மை வைப்பது காசிம்.

முதலில் நின்ற அம்மா மை பாட்டிலைப் பார்த்ததும் கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார்.

"வேணாங்க தொரை. சிலோன்ல கடதாசியில ரேகை வைக்க விரல்ல மை வச்சாங்க, கப்பல்ல ஏத்திட்டாங்க. இப்ப வச்சா எங்க ஏத்துவீங்க?"

பின்னால் லைன் கலைய ஆரம்பித்தது. மை வைக்காமல் ஓட்டுச் சீட்டுக் கொடுக்க முடியாது. பிரிசைடிங் ஆபீசர் வங்காளி, இந்தியில் கத்துகிறார், அவர்கள் யாருக்கும் புரியவில்லை.

காசிம் குச்சியை எடுத்துத் தன் இடது ஆள்காட்டி விரலில் ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டான்.

"அக்கா, இந்தா பாருங்க. முதல்ல என்னைக் கப்பல் ஏத்திட்டுத்தான் உங்களை ஏத்தணும்."

அந்த அம்மா சிரித்துவிட்டார். கையை நீட்டினார். அவருக்குப் பின்னால் அத்தனை பேரும்...

சாயங்காலம், பூத் மூடுகிற நேரம். நாங்கள் ஓட்டுப் போட வேண்டும். காசிம் சர்ட்டிஃபிகேட்டை என் முன்னால் வைத்தான். விரலில் மை.

அந்த நிமிஷம் வரை எங்கள் யாருக்கும் அது உறைக்கவே இல்லை.

"சோடோ, தே தோ," என்றார் பிரிசைடிங் ஆபீசர். பரவாயில்லை, கொடுத்துவிடு என்று.

நான்தான் ரூல் புத்தகத்தை விரித்தேன். மை இருக்கிற விரலுக்குச் சீட்டுக் கிடையாது. "முடியாதுலே," என்றேன். பெரிய நியாயஸ்தன் என்று நினைப்பு எனக்கு.

அவன் சர்ட்டிஃபிகேட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பெட்டிக்கு அரக்கு வைக்க மெழுகுவர்த்தி தேடப் போனான்.

இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை. நானும் மன்னிப்புக் கேட்டதில்லை. அடுத்த மாதம் வருகிறேன், நேரில் ஒன்று பேச வேண்டும் என்று நேற்றுதான் சொன்னேன்.

"வா பாய், எங்க ஓடிரப் போறேன்?" என்றான்.

காசிம்... அந்தச் சீட்டை உனக்குக் கொடுத்திருக்கணும்லே.

போயிட்டு வா.