நான் நிறுத்திய லத்தீன்

புகையிலையும் வெற்றிலையும் ஊறிய எச்சில் முகத்தில் தெறித்தால் எப்படி நாறும் என்று எனக்கு எட்டு வயதிலேயே தெரியும். மன்னாரில் பெரும் புயல் அடித்து, என் தகப்பனின் மீன்பிடி வள்ளம் கரையில் விறகாய்க் கிடந்ததே, அதற்கு அடுத்த வருஷம். வள்ளத்தோடு என் பள்ளிக்கூடமும் போனது. இரண்டாம் வகுப்போடு சரி. சும்மா திரியாமல் இருக்கட்டும் என்று அம்மா என்னைக் கோயிலில் பூசைக்கு உதவுகிற பையன்களோடு சேர்த்துவிட்டார். அப்போது பூசை முழுக்க லத்தீன். சுவாமியார் சொல்லச் சொல்ல நாங்கள் லத்தீனில் மறுமொழி சொல்ல வேண்டும்.

அதைப் பழக்கியவர் கோயிலைக் கூட்டி, மணியடித்து, திரி ஏற்றுகிற "சங்கிலித்தாம்". எழுத்துத் தெரியாத எங்களுக்கு வாயால்தான் பாடம். முன்னால் குந்தி, முகத்தோடு முகம் வைத்து, ஒவ்வொரு சொல்லாய்த் துப்புவார். துடைக்கக் கூடாது, துடைத்தால் கவனம் பிசகுமாம். பிசகினால் சிப்பி மணலில் முழங்கால், நாக்கை வெளியே நீட்டியபடி. ஒரு நாள் நான் பொருள் கேட்டேன். "உனக்கு விளங்கத் தேவையில்லை, எனக்கும் தேவையில்லை, ஆண்டவருக்கு விளங்கும். வாயைத் திற!" என்றார். அந்த மனுஷன் சோற்றில் ஒரு கல் கடிபட்டாலும் ஊரே கேட்கக் கத்துவார், அது வேறு கதை.

ஒன்றரை வருஷத்தில் முழுவதும் பாடமாக்கினேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சுவாமியார் சனங்களின் பக்கம் திரும்பி, இனித் தமிழ்தான் என்றார். பெண்கள் சந்தோஷத்தில் அழுதார்கள். நான் கோயிலுக்குப் பின்னால் போய் வயிற்றில் இருந்ததெல்லாம் சத்தி எடுத்தேன். அவ்வளவு எச்சிலும் எதற்கு என்று ஒருவரும் சொல்லவில்லை.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், ஜேர்மனிக்கு வந்து, ஹம் என்கிற நகரத்தில் பாண் சுடுகிற தொழிற்சாலையில் காலம் போக்கி, எனக்கு ஐம்பது வயதானபோது எங்களுக்கு ஒரே ஒரு மகள் பிறந்தாள், ஷெறின். ஏழாம் வகுப்பில் இங்கே ஆங்கிலத்தோடு இன்னொரு பிறமொழி எடுக்க வேண்டும். பிரெஞ்சோ லத்தீனோ என்று கேட்டபோது அவள் லத்தீனை எடுத்தாள், சரித்திரமும் சமயமும் படிப்பிக்கிற ரீச்சராய் வர வேண்டுமென்று. சாப்பாட்டு மேசையில் ரோம ராசாக்களின் சண்டைகளைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள், அது எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்தப் பாஷையை வாய்விட்டுப் படித்தால் நான் கையால் முகத்தைத் துடைப்பேன். "அறைக்குள்ள போய்ப் படி" என்று விரட்டுவேன்.

பத்தாம் வகுப்பில் ஒரு நாள் முகம் வாடி வந்தாள்.

"அப்பா, லத்தீனில அஞ்சு."

இங்கே ஒன்று என்றால் திறம், ஐந்து என்றால் தோல்வி.

"விடு பிள்ளை அந்தக் கருமத்தை. செத்த பாஷை. ஆர் இப்ப கதைக்கினம்?"

"ரீச்சர் சொன்னவ, இன்னும் ஒரு வருசம் படிச்சு நாலு எடுத்தாலே காணுமாம். யூனிவேர்சிற்றியில லத்தீன் கேட்டால் பள்ளிக்கூடச் சேர்ட்டிபிக்கற்றே போதுமாம்."

"அவ சொல்லுவா. பிள்ளையள் இல்லாட்டி அவவின்ர வேலை போயிடுமெல்லோ."

கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி மேரிக்குக் கோபம் வந்துவிட்டது. "இஞ்சேருங்கோ, உங்கட சங்கிலித்தாம் செத்து ஐம்பது வருசம். அந்த மனுசனுக்காக ஏன் பிள்ளையின்ர படிப்பை நிப்பாட்டுறியள்?"

"நீ சும்மா இரு" என்றேன். அடுத்த வருஷத்துப் பாடங்கள் எழுதிய கடதாசி கையெழுத்துக்கு வந்தது, லத்தீன் இல்லாமல். எனக்கு எழுத வருவது என் பெயர் ஒன்றுதான். அதைப் பெரிதாய் எழுதிக் கொடுத்தேன்.

இந்த வருஷம் பல்கலைக்கழகத்தில் விசாரிக்கப் போனோம். அங்கிருந்த பெண் மரியாதையானவர். சான்றிதழை இரண்டு தரம் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். ஷெறின் என்னைப் பார்க்காமலே மொழிபெயர்த்தாள். "ஒரு வருசம் குறையுதாம், அப்பா. நாலு வருசம் படிச்சது காணாதாம். சேர விடுவினமாம், ஆனால் லத்தீனைத் திரும்பப் படிச்சு, தனியாப் பெரிய சோதினை எழுதிப் பாஸ் பண்ணோணுமாம்."

ரயிலில் வந்து ஹம்மில் இறங்கின பிறகுதான் ஷெறின் சொன்னாள்: "மூண்டு வருசமாத் தொடேல்லை, எல்லாம் மறந்துபோச்சு. முதலில இருந்து எனக்கு ஏலாது."

இப்போது டோர்ட்மண்டில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் "அவுஸ்பில்டுங்" என்கிற தொழில் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறாள். அவள் படித்த பள்ளியில் லத்தீன் வகுப்பையே நிறுத்திவிட்டார்களாம், பிள்ளைகள் காணாதாம். எங்கள் மேசையில் ரோம ராசாக்களும் இல்லை. சாப்பிட்டவுடன், சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு எழும்பிப் போகிறாள்.

போன மாதம் தமிழ்ப் பூசை முடிந்து தேநீர் குடிக்கும்போது ஒருவர் கேட்டார்: "அண்ணை, மகள் ரீச்சருக்குத்தானே படிக்கிறா?"

"இல்லை, அவவுக்கு அது பிடிக்கேல்லை. உழைக்கத்தான் விருப்பம்" என்றேன். பக்கத்தில் நின்ற ஷெறின் என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு அவரிடம் "ஓம்" என்றாள். அந்த "ஓம்" கேட்ட நாள் தொட்டு என் வாயே எனக்கு அருவருப்பாய் இருக்கிறது.

நான் சொல்ல மேரிதான் இதை எழுதுகிறாள். "இதையும் எழுதவோ?" என்று கேட்டாள். எழுது என்றேன். வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பத்தாம் வகுப்பில் பிள்ளை இருக்கிற வீடு தெரிந்தால் சொல்லிவிடுங்கள்: ஒரு மொழியை விடுகிற கடதாசி வந்தால், பிள்ளை என்னவாக வர ஆசைப்படுகிறதோ அந்தப் படிப்புக்கு அது வேண்டுமா என்று பள்ளியில் கேட்டு, பதிலையும் கேட்டு, அதற்குப் பிறகு பேனையை எடுக்கச் சொல்லுங்கள். ஷெறினுக்கு ரீச்சர் வேலை பிடிக்கவில்லையாம் என்று யாராவது கதைத்தால், இல்லை, அவளுக்குப் பிடித்திருந்தது, தகப்பன்தான் கையெழுத்து வைத்தான் என்று சொல்லிவிடுங்கள்.