பெயர் கேட்காமல் விலை சொன்னவர்

புவனேஸ்வரி அக்காவின் நம்பரிலிருந்து ஒரு தகவல் வந்திருந்தது. கினிகத்தேனையில் வேனை ஓரங்கட்டிவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். விலை சொல்லியிருக்கிறார் என்றுதான் திறந்தேன். "புவனா இன்று காலை இறந்துவிட்டார். மீன் தொட்டியில் கரண்ட் அடித்தது. மோகன்." மூன்று தடவை வாசித்தேன். அக்காவின் நம்பரிலிருந்து அக்கா இறந்த செய்தி எப்படி வரும்? எனக்கு முதலில் வந்தது கோபம்தான். யாரோ விளையாடுகிறார்கள், நாலு வார்த்தை திட்டிவிடலாம் என்றே அழைத்தேன். எடுத்தவர் அவருடைய கணவர் மோகன் அண்ணன். "உண்மதான் தம்பி," என்றார்.

அடுத்ததாக என் மனதில் என்ன வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐயோ அக்கா என்று வரவில்லை. எந்த ஹீட்டர் என்று வந்தது. மூன்று நாளுக்கு முன்புதான் அவர் கடையில், மீன் தொட்டித் தண்ணீரைச் சூடாக்கும் மூன்று பழைய ஹீட்டர்களைக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். அவற்றில் ஒன்று என்னுடையது. அதன் கண்ணாடியில் கீறல் இருந்தது எனக்குத் தெரியும்.

இதை வாசிப்பவர்களில் பாதிப்பேர் நம் மீன் வளர்ப்பு வாட்ஸ்அப் குழுவைச் சேர்ந்தவர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். புவனேஸ்வரி அக்கா கந்தப்பளையில் போட்டோகொப்பிக் கடை வைத்திருந்தார். நான் நுவரெலியாவிலிருந்து ஹட்டன் வழியாகக் கொழும்புக்கு வேன் ஓட்டுகிறவன். வெளிநாட்டுச் சாமான்கள் வராமல் கடைகள் காலியாகக் கிடந்த காலத்தில், குழுவில் பழைய சாமான்களுக்கு ஆளாளுக்கு வாய்க்கு வந்த விலையைச் சொன்னார்கள். மஸ்கெலியாக்காரர் ஒருவர், பாசி பிடித்த ஃபில்டருக்குப் புதிய ஃபில்டரின் விலையைவிடக் கூடுதலாகக் கேட்டார். பெரிய சண்டை. சும்மா சொல்லக்கூடாது, அதில் அதிகம் கத்தியவன் நான்தான். அதுவரை குழுவில் வாயே திறக்காத அக்கா குரல் பதிவு ஒன்று போட்டார். "சண்ட போடாதீங்க. சாமான எங்கிட்ட குடுங்க. ரெண்டு நாள் எங்க வீட்டுத் தொட்டியில ஓடட்டும். அப்புறமா வெல சொல்றேன்."

இரண்டு நாள் கழித்துச் சொன்னார். விற்றவரும் முனகினார், வாங்கியவரும் முனகினார், ஆனால் கை மாறியது. "ரெண்டு பேருமே கொஞ்சம் மொகம் சுளிக்கணும். ஒருத்தர் மட்டும் சிரிச்சா அந்த வெல பெழ," என்றார் அக்கா. அன்றிலிருந்து அவர் சொல்லாமல் எங்கள் குழுவில் எதுவும் விலைபோனதில்லை. அவர் எதையும் விற்கவும் இல்லை, இதற்காக ஒரு சதம் வாங்கவும் இல்லை.

சாமான் யாருடையது என்று அவருக்குச் சொல்லக் கூடாது. அது அவர் வைத்த சட்டம். "பேரச் சொல்லிறாதீங்க தம்பி. பேரு தெரிஞ்சா வெல கோணிப்போயிரும்," என்பார். எல்லாருடைய சாமானையும் என் வேன்தான் சுமந்தது. நான் ஒவ்வொன்றிலும் ஒரு இலக்கம் கட்டி அவரிடம் வைத்துவிட்டு வருவேன். எது யாருடையது என்பது எனக்கு மட்டும் தெரியும்.

மோகன் அண்ணன் தேயிலைத் தோட்டத்து ஒபிசில் கணக்கெழுதும் கிளாக்கர். ஒபிசில் அவர் வைத்திருந்த தொட்டியின் காற்று மோட்டாரை ஒருமுறை அக்காவுக்குத் தெரியாமல் என்னிடம் கொடுத்தார். அக்கா அதைக் கழற்றிப் பார்த்துவிட்டு, புருஷன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, "இத வச்சிருந்தவரு ஒரு நாளாவது கழுவியிருக்க மாட்டாரு. பாதி வெலதான்," என்றிருக்கிறார். அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "அது என்னுதுதான்," என்றார். "அப்படியா? சோறு தின்ன தட்டையே கழுவாத ஆளு, மோட்டாரையா கழுவப்போறீங்க," என்றாராம் அக்கா. விலையை மாற்றவில்லை. இரண்டு நாள் அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு முறை ஐந்து வருஷப் பழைய கொழும்பு ஹீட்டருக்கு அதிக விலையும், ஒரு வருஷம் ஓடிய நானுஓயா ஹீட்டருக்குக் குறைந்த விலையும் சொன்னார். குழுவே கொதித்தது. அக்கா அசரவில்லை. "கொழும்புல ஹீட்டரு பேருக்குத்தான் தண்ணியில கெடக்கும். இங்க குளிருக்கு ராப்பகலா வேல செய்யுது. வயசக் கேக்காதீங்க, எந்த ஊர்ல இருந்துச்சுன்னு கேளுங்க," என்றார். எத்தனை வருஷம் மீன் வளர்த்தோம், இது ஒருவர் மண்டைக்கும் எட்டவில்லையே என்று வெட்கமாகப் போய்விட்டது.

வெட்கப்பட்டதோடு நான் நிற்கவில்லை, அதில் காசு பார்க்கவும் தொடங்கினேன். வெளிநாடு போகிற கொழும்புக் குடும்பங்களிடம் ஹீட்டர்களைச் சும்மா வாங்கி இங்கே விற்றேன். அப்படி வெள்ளவத்தை வீடொன்றில் கிடைத்ததுதான் அந்தக் கீறல் விழுந்த ஹீட்டர். ரப்பர் மூடிக்குக் கீழே மெல்லிய கோடு. வெயிலில் திருப்பிப் பார்த்தேன். நகத்தால் தடவினேன், தட்டியது. தண்ணீருக்குள் இறக்கினால் என்ன ஆகும் என்று தெரியாத பச்சைப் பிள்ளையா நான்? ஆனாலும் இலக்கம் கட்டினேன். அக்கா பார்க்கட்டும், அதற்குத்தானே அவர் இருக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் கண்ணில் படாமல் போனால் லாபம். பட்டால் எனக்கென்ன நட்டம்? அவர் இரண்டு நாள் அதைத் தன் வீட்டுத் தண்ணீரில் போடுவார், அந்தத் தண்ணீரில் கை வைப்பார் என்பதை நான் நினைத்தே பார்க்கவில்லை.

"கொஞ்சம் சீக்கிரமா சொல்லுங்கக்கா, வட்டகொடையில ஆள் காத்துக்கிட்டு இருக்கு," என்றும் அவசரப்படுத்தினேன். "அவ்வளவு அவசரம்னா நீங்களே வெல சொல்லிக்குங்களேன்," என்று சிரித்தார். நான் அவரோடு பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

மறுநாள் உடல் வீட்டுக்கு வந்தது. முன்னறையில் அக்காவைக் கிடத்தியிருந்தார்கள். தொட்டித் தண்ணீரை வெளியே இறைத்துவிட்டிருந்தார்கள். மீன்கள் இரண்டு பிளாஸ்டிக் வாளிகளில் கிடந்தன. அக்காவின் முகத்தைப் பார்க்காமல் நான் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். மோகன் அண்ணன் தானாகவே சொன்னார். "நம்ம வீட்டுப் பழைய ஹீட்டருதான் தம்பி. எட்டு வருஷமா அதுல கெடந்துச்சு. சுவிச்ச அணைக்காம கைய விட்டுட்டா. ஊரு சாமானையெல்லாம் திருப்பித் திருப்பிப் பாத்தவ, இத ஒரு நாளும் எடுத்துப் பாக்கல. அதப் பொலிஸ் கொண்டு போயிட்டாங்க."

எனக்கு நிம்மதி வந்தது. செத்த வீட்டில், அவர் கிடக்கும்போதே, பெருமூச்சு விட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் அதை அழுகை என்று நினைத்து என் தோளைப் பிடித்தார்கள். அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

நேற்றுக்கூட குழுவில் ஒருவர் பம்ப் படம் ஒன்றைப் போட்டு, "அக்கா, இதுக்கு எவ்வளவு?" என்று கேட்டார். ஒரு நிமிஷத்தில் அழித்துவிட்டார். எல்லாரும் பார்த்தோம். இனி எப்படி விலை சொல்வது? எங்களில் ஒருவருக்கும் இன்னும் பிடிபடவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு மோகன் அண்ணன் ஒரு பையைக் கொண்டுவந்து கொடுத்தார். நான் விட்டுவந்த மூன்று ஹீட்டர்களும் அதில் இருந்தன. "யாரு யாருதுன்னு உங்களுக்குத்தான் தெரியும். குடுத்துருங்க," என்றார். இலக்கத்தோடு சேர்த்து அக்கா கையெழுத்தில் துண்டுச் சீட்டுகள் கட்டியிருந்தன. இரண்டில் விலை இருந்தது. என்னுடையதை அவர் தண்ணீரில் போடவே இல்லை. பத்திரிகைத் தாளில் சுற்றி வைத்திருந்தார். துண்டில் இப்படி எழுதியிருந்தார்: "விலை இல்லை. கண்ணாடியில் கீறல். அனுப்பியவருக்குத் தெரிந்திருக்காது. மனம் நோகாமல் சொல்ல வேண்டும்."

"இது யாருதுங்க தம்பி?" என்று கேட்டார் அண்ணன். "பாவம், காசு குடுத்து வாங்கியிருப்பாங்களேன்னு அவ கவலப்பட்டுக்கிட்டே இருந்தா."

"என்னுதுதான்," என்றேன்.

"அடடா. கீறல நீங்க கவனிக்கலதானே," என்றார்.

கவனிக்கவில்லை என்று தலையாட்டினேன்.

ஹீட்டரை வீட்டுக்குக் கொண்டுபோய் உடைத்துப் போட்டுவிட்டேன். அந்தத் துண்டு என்னிடம் இருக்கிறது. அக்கா என்று எனக்கு மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். மோகன் அண்ணனும் இதை வாசிப்பார். அண்ணே, நான் கவனித்தேன். தெரிந்துதான் அனுப்பினேன்.