லவோன் தேர்ந்தெடுத்த பெட்டி

லவோன் ஷ்ராமுக்கு ஐம்பத்தெட்டு வயது. எங்கள் பக்கத்து ஆட்டுப் பண்ணைகளுக்கு இருபத்தோரு வருடமாகக் கயோட்டி சுட்டுக் கொடுத்தவர். வயோமிங்கில் மே மாதம் ஆடுகள் குட்டி போடும். அந்த வாசம் பட்டதும், ஓநாய்க்குத் தம்பி மாதிரியான இந்தக் கயோட்டிகள் மேட்டைத் தாண்டி வந்துவிடும். லவோன் போய் உட்கார்ந்தால் குட்டிகளுக்குப் பயமில்லை என்று பேர். புருஷன் போன பிறகு அந்தப் பேர்தான் அவருக்குப் பிழைப்பு.

லவோனுக்குக் காது போனது டுவேனால். டுவேன் அவர் புருஷனின் தம்பி. இருவரும் பன்னிரண்டு வருடம் ஜோடியாக வேட்டைக்குப் போனார்கள். கயோட்டி கண்ணில் பட்டால் பக்கத்தில் ஆள் இருப்பதே டுவேனுக்கு மறந்துபோகும். அண்ணியின் கன்னத்துக்கு ஒரு முழம் தள்ளித் துப்பாக்கியை நீட்டிச் சுடுவான். பேச்சு லவோனுக்கு ஓரளவு கேட்கும், மிச்சத்தை உதட்டைப் பார்த்துப் பிடித்துக்கொள்வார். கீச்சுச் சத்தம் மட்டும் அடியோடு போய்விட்டது. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது தெரிந்திருந்த ஒரே ஆள், சுட்டவன்தான்.

மார்ச்சில், கயோட்டியை இழுக்க லவோன் வைத்திருந்த பழைய சத்தப் பெட்டி பனியில் நனைந்து செத்தது. ஆடு வளர்ப்போர் சங்கம் புதிது வாங்கித் தர ஒப்புக்கொண்டது. நான் தீவனக் கடையில் வேலை பார்க்கிறேன். மூன்று பெட்டிகளை எடுத்து மேசையில் வைத்தேன். அடிபட்ட முயலின் கதறல், எலியின் கீச்சு, ஆட்டுக்குட்டியின் அழுகை எல்லாம் உள்ளே பதிந்திருக்கும். புதரில் வைத்துவிட்டுத் தூரத்திலிருந்து ரிமோட்டை அமுக்கினால் கத்தும். தீனி கிடைத்ததென்று கயோட்டி ஓடி வரும்.

"இதுல எரநூறு சத்தம் இருக்கு அக்கா."

"எரநூறு எதுக்குடா? கச்சேரியா வெக்கப் போறேன்? முயலப் போடு."

போட்டேன். அவர் பெட்டியைப் பார்க்கவில்லை. காலடியில் கிடந்த தன் நாய் ஜிக்ஸைப் பார்த்தார். அது கொட்டாவி விட்டது.

"வேணாம், கரகரங்குது" என்றார். காதை வைத்துக் கேட்டேன். உச்சத்தில் நிஜமாகவே ஒரு கரகரப்பு இருந்தது.

இரண்டாவதற்கு ஜிக்ஸ் தலையைச் சாய்த்தது, பிறகு பாதத்தை நக்கப் போய்விட்டது. மூன்றாவதற்குத் துள்ளி எழுந்தது. காது இரண்டும் விறைத்தன, பிடரி மயிர் சிலிர்த்தது. முனகிக்கொண்டே மேசைக்குப் பின்னால் ஓடி முயலைத் தேடியது.

"இதுதான்" என்றார் லவோன். கடையிலேயே நல்ல பெட்டி அதுதான்.

எனக்கு வாய் சும்மா இருந்ததா? மறுநாள் காலை காப்பிக் கடையில் நடித்தே காட்டினேன். நாய் கொட்டாவி விடுவது, லவோன் தலையாட்டுவது, எல்லாம். "நாயக் கேட்டுத்தான் சாமான் வாங்குறாங்கப்பா!" என்றேன். மேசையே குலுங்கியது. மூலையில் முட்டை தின்றுகொண்டிருந்த டுவேன் மட்டும் சிரிக்கவில்லை. சங்கம் லவோனுக்குக் கொடுத்திருந்த வேட்டை வேலையின் மேல் அவனுக்குப் பல வருடமாகவே ஒரு கண்.

ஏப்ரல் கடைசியில் புதுப் பெட்டி வேலை செய்வதைப் பார்க்கச் சங்கத் தலைவர் ஹாஸ்கெல் டுவேனோடு மேய்ச்சல் மேட்டுக்கு வந்தார். விற்றவன் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

டுவேன் லவோனின் முகத்துக்கு நேரே வந்து நின்றான். "நாய வண்டியிலயே கட்டிப் போடுங்க அண்ணி. மந்தைக் காவல் நாய்ங்க கடிச்சிரும்."

"ஜிக்ஸ் இல்லாம நான் உக்கார்றதில்ல."

"ஏன், அதுவா சுடப் போவுது? பெட்டிய நான் கொண்டுபோய் வெக்கிறேன், உங்களுக்கு முட்டி வலி வேற."

ஹாஸ்கெல் பார்த்துக்கொண்டிருந்தார். லவோன் நாயைக் கட்டினார்.

டுவேன் அறுபதடி தள்ளிப் புதரில் பெட்டியை வைத்துவிட்டு வந்தான். லவோன் ரிமோட்டை அமுக்கினார். ரிமோட்டில் விளக்கு எரிந்தது. பெட்டி கத்தவில்லை. காற்று மட்டும்தான் அடித்தது. அவன் பெட்டியின் சுவிட்சைப் போடவே இல்லை.

ஹாஸ்கெல் என்னைப் பார்த்தார். டுவேனும் என்னைப் பார்த்தான். லவோனின் தோளைத் தொட்டு, "அக்கா, பெட்டி ஓடல" என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? காப்பிக் கடையில் அப்படி ஆடிய நாக்கு அன்று அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நான் என் பூட்ஸைப் பார்த்தேன்.

இருபது நிமிடம். முயலை மாற்றி எலி போட்டார், எலியை மாற்றி ஆட்டுக்குட்டி. கயோட்டி கிட்டே வந்திருக்கும் என்று கணக்குப் போட்டு, இல்லாத சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். துப்பாக்கி தயாராக இருந்தது. ஒரு தடவை வண்டிப் பக்கம் திரும்பி நாயைத் தேடினார்.

டுவேன் அவர் முன்னால் போய்க் குந்தினான். "எப்படி அண்ணி பெட்டி?"

"தெளிவா அழுவுது" என்றார் லவோன். "உச்சத்துல கூட கரகரப்பு இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார், பிறகு கையிலிருந்த ரிமோட்டைப் பார்த்தார். புரிந்துவிட்டது.

"மேய்க்கிறவங்க நடமாடுற எடம்மா" என்றார் ஹாஸ்கெல். "காது கேக்காதவங்க கையில நான் எப்படி துப்பாக்கியக் குடுக்க?"

"என் காது எப்படிப் போச்சுன்னு அவனக் கேளுங்க."

ஹாஸ்கெல் கேட்கவில்லை. வேலை டுவேனுக்குப் போனது. பெட்டி சங்கத்துச் சொத்து, அதையும் அவன்தான் வண்டியில் ஏற்றினான்.

மே மாதம் நாய்த் தீவனம் கொண்டுபோய் லவோன் வீட்டில் இறக்கினேன். மூட்டையை அடுக்கும்போது, "நான்தான் அக்கா காப்பிக் கடையில உளறினேன், மன்னிச்சிருங்க" என்றேன். அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் சொன்னேன். அப்படிச் சொன்னால் கேட்காது என்று எனக்குத் தெரியும்.

திரும்பினேன். வாசற்படியில் லவோன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் படுத்திருந்த ஜிக்ஸ் திடீரென்று எழுந்து தெற்கு மேட்டைப் பார்த்தது. காது இரண்டும் விறைத்தன.

"டுவேன் ஆரம்பிச்சிட்டான்" என்றார் லவோன். "முயலா, எலியா?"

காற்றோடு வந்தது எனக்கும் கேட்டது. "முயல், அக்கா."

"தெளிவா அழுவுதா?"

அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை திரும்பிக்கொள்ள வழியில்லை.

"தெளிவா அழுவுது அக்கா."

"அப்போ நான் சரியாத்தான் எடுத்திருக்கேன்" என்றார்.