மணிக்குள் உண்ணி இலை

போளூரில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தின் பின்பக்கச் சுவரை ஒட்டி உண்ணிச்செடி புதர் புதராக மண்டிக் கிடந்தது. போன வாரம் ஆள் வைத்து அதை வெட்டினார்கள். அந்த நேரம் நான் ஆசிரியர் அறையில் பன்னிரண்டாம் வகுப்புப் பொருளியல் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். 'வளரும் நாட்டின் பொருளாதாரத்தில் கால்நடைத் துறையின் பங்கை விளக்குக.' பிள்ளைகள் எல்லாரும் கைடில் இருந்ததை வரி பிசகாமல் இறக்கி வைத்திருந்தார்கள். வேலைவாய்ப்பு, ஊட்டச்சத்து, தோல் ஏற்றுமதி. ஒரு பையன் மட்டும் சொந்த மூளையைச் செலவு செய்திருந்தான். "ஆடு ஏழைகளின் ஏடிஎம். எப்போது வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம். கார்டு தேவையில்லை."

சிரித்துவிட்டேன். கணக்கு டீச்சரிடம் காட்டலாம் என்று தாளைத் தூக்கியபோது ஜன்னல் வழியாக வெட்டுப்பட்ட உண்ணியின் வாடை உள்ளே வந்தது. கசக்கினால் மூக்கில் குத்துமே, அந்தக் காட்டமான வாடை. எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். தாளைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். பள்ளிப் பிள்ளைகளை மிரட்டி மேய்க்கிற ஒரு டீச்சரம்மா செடி வாடைக்குப் பயப்படுகிறாள் என்றால் நீங்கள் சிரிக்கத்தான் செய்வீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பையன் எழுதியதில் ஒரே ஒரு பிழை. எங்கள் ஏடிஎம்முக்குக் கார்டு உண்டு. காக்கி உடுப்புப் போட்டு, பைக்கில் வருவார். ஜமுனாமரத்தூரிலிருந்து மலைக்குள் இன்னும் தள்ளி இருந்த எங்கள் ஊரில் காட்டுக் காவலரை அப்படித்தான் சொல்வோம். 'கார்டு வர்றாரு' என்று யாராவது குரல் கொடுத்தால் ஆடும் ஓடும், ஆளும் ஓடும். ஆடு வாய்வைத்த கன்று தழைக்காது, அவர் செய்தது அவர் வேலை என்பதெல்லாம் படித்த பிறகு எனக்குப் புரிந்தது. அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான். காட்டுக்குள் ஆட்டைப் பார்த்தால் ஓட்டிக்கொண்டு போய்விடுவார், அபராதம் கட்டினால்தான் திரும்ப வரும். அபராதம் கட்ட வேண்டுமென்றால் ஆட்டைத்தான் விற்க வேண்டும். இந்தக் கணக்கை எந்தப் பொருளியல் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

எனக்குப் பத்து வயது நடந்த வருஷம், புளி உலுக்கப் போன அப்பா மரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து கிடந்தார். திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வேலூருக்குக் கொண்டுபோய்க் கம்பி வைத்தால்தான் கால் நேராக நிற்கும் என்று சொல்லிவிட்டார்கள். எங்களிடம் இருந்தது ஆட்டு மந்தை. வருகிற சந்தைக்கு வியாபாரி வருவதாக இருந்தது. அதிலும் சுட்டி என்ற ஆட்டின் மேல்தான் அவருக்குக் கண். நெற்றியில் வெள்ளைச் சுட்டி விழுந்த கருப்பு ஆடு, எப்போதும் இரட்டைக் குட்டி போடும், அப்போதும் நிறைசினை. சுட்டி போனால்தான் அப்பா வேலூர் போக முடியும். "சந்த வரைக்கும் ஒண்ணுகூடக் கொறையக்கூடாது. கொறஞ்சா உங்கப்பன் காலு கொறையும்" என்று அம்மா அக்காவிடம் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அம்மா சொன்ன விதத்தில் எனக்கு அப்பாவின் கால் ஆடுகளின் மேல்தான் நிற்கிறது என்று தோன்றியது. யோசித்துப் பார்த்தால் அது உண்மையும்கூட.

அக்கா பெயர் அலமேலு. எட்டாவதோடு நின்றவள், மந்தை அவள் பொறுப்பு. நான் ஐந்தாவது. பள்ளி விடுமுறை, கடுங்கோடை. ஊரைச் சுற்றி ஒரு பச்சைகூட இல்லை, சாமை அறுத்த கொல்லைகள் வெறும் மண்ணாகக் கிடந்தன. பச்சை இருந்ததெல்லாம் ஓடைக்கு அந்தப் பக்கம், கார்டின் எல்லையில். இளைத்துப்போன ஆட்டைச் சந்தையில் யார் வாங்குவார்கள்? அக்கா ரொம்ப நேரம் யோசித்தாள், பிறகு ஓட்டிவிட்டாள். நான் பின்னாலேயே போனேன். வீட்டில் தனியாக இருக்க எனக்குப் பயம்.

மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மந்தையில் நாலைந்து ஆட்டின் கழுத்தில்தான் மணி இருக்கும், சுட்டிக்கும் ஒன்று. மணிச் சத்தம் இருந்தால் சிறுத்தை யோசிக்கும் என்பார்கள். புதருக்குள் போன ஆட்டைத் தேடவும் அதுதான் வழி. ஆனால் அதே சத்தம் கார்டுக்கும் கேட்கும். அதனால் எல்லை தாண்டும்போது மணிக்குள் இலையைச் சுருட்டி அடைத்துவிடுவோம். அதற்கும் கண்ட இலை ஆகாது. எந்தத் தழையை வைத்தாலும் பக்கத்து ஆடு எட்டிப் பிடுங்கித் தின்றுவிடும். ஆடு தொடாத இலை உண்ணி. அக்கா அதைத்தான் கசக்கிக் கசக்கி அடைத்தாள். அவள் விரலெல்லாம் அந்த வாடை.

மத்தியானம் தாண்டி, சாயங்காலத்துக்குக் கொஞ்சம் முன்பு, கீழே வளைவில் பைக் சத்தம் கேட்டு நின்றது. அக்கா ஆடுகளை உண்ணிப் புதருக்குள் தள்ளினாள். நாங்களும் உள்ளே குந்திக்கொண்டோம். இலைகளுக்கு நடுவே பார்த்தால் கார்டு மேலே ஏறி வந்து, எங்களுக்கு எதிரே பாறை மேல் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். ஷூவை அவிழ்த்தார். அவசரமே இல்லாத மனிதர். நான் மூச்சு விடுவதே அவருக்குக் கேட்குமோ என்று இருந்தது.

மந்தைக்குள் உட்கார்ந்திருக்கிறவர்களுக்குத் தெரியும், ஆடு சும்மா இருக்கும்போதும் ஒரு சத்தம் இருக்கும். அசைபோடுகிற சத்தம். காதுக்குப் பழகிவிட்டால் கேட்காது, நின்றால்தான் தெரியும். அது நின்றது. ஒன்றிரண்டு ஆடு இல்லை, எல்லா ஆடும் ஒரே நேரத்தில் வாயை நிறுத்தின. காதுகள் மேட்டுப் பக்கமாக விறைத்து நின்றன. எங்களுக்குப் பின்னால் சருகு ஒரு தரம் நொறுங்கியது. கொஞ்சம் விட்டு இன்னொரு தரம், கிட்டத்தில்.

அக்கா என் வாயைப் பொத்தினாள். காதோடு சொன்னாள்: "கத்துனா கார்டு புடிப்பான். கத்தலன்னா அது புடிக்கும்."

முன்னால் போனால் கடிக்கிறது, பின்னால் போனால் உதைக்கிறது என்று சும்மா சொல்கிறோம். நான் அதற்குள் உட்கார்ந்திருந்தேன். அப்பாவின் காலும், அக்காவும், நானும், அசையாத வாய்களும். அன்றைக்குப் பட்ட பயத்தை நான் பிறகு எதற்குமே பட்டதில்லை, பிரசவத்துக்குக்கூட.

அக்கா எழுந்து நின்று கத்தினாள். "ஐயா! சிறுத்த! சிறுத்தைங்க ஐயா!"

ஆடுகள் நாலா பக்கமும் தெறித்தன. கார்டு ஒரு கையில் ஷூவோடு ஓடி வந்தார். கீழ்நாட்டு ஆள், மலைக்குப் புதிது. எங்களைப் பார்த்ததும் அதட்ட வாயைத் திறந்தவர், மேட்டுப் பக்கம் கேட்ட உறுமலில் அப்படியே நின்றுவிட்டார்.

"எங்கம்மா கீது?"

"மேலங்க."

"மணி எங்க? மணிய அடிங்கம்மா, அடிங்க!"

அக்கா கைக்குக் கிடைத்த ஆடுகளின் மணியிலிருந்து இலையைப் பிடுங்கிப் போட்டாள். நான் ஒன்றின் கழுத்தைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருந்தேன். கீழே இறங்கினோம். ஆடுகளுக்கு நடுவில் காக்கி உடுப்போடு அவரும் ஒரு ஆடு போல ஒட்டிக்கொண்டு வந்தார். "இன்னும் வேகமா ஆட்டு பாப்பா" என்று என்னிடம் இரண்டு தரம் சொன்னார். கடைசி வரை நாங்கள் யாரும் அதைக் கண்ணால் பார்க்கவில்லை.

பைக் கிட்டே வந்ததும் அவருக்குக் குரல் திரும்பியது. "இன்னொருவாட்டி உள்ள பாத்தேன், மொத்தத்தையும் ஓட்டினு போய்டுவேன், ஆமா." அக்கா அப்பாவின் காலைப் பற்றிச் சொல்லி அழுதாள். அவர் ஷூவை மாட்டிக்கொண்டு, "வூட்டுக்குப் போங்கம்மா மொதல்ல" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். தப்பித்துவிட்டோம் என்றே நினைத்தோம். பட்டிக்குள் அடைக்கும்போதுதான் சுட்டி இல்லை என்று தெரிந்தது.

மறுநாள் விடிந்ததும் ஊர் ஆண்கள் தடியோடு போய் மேடெல்லாம் தேடினார்கள். ரத்தமும் இல்லை, ரோமமும் இல்லை. அக்கா ஓடைக்கரையில் நின்று 'சுட்டீ, சுட்டீ' என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். எந்தப் பக்கமிருந்தும் ஒரு மணிச் சத்தம் வரவில்லை.

சந்தையில் சுட்டிக்கு ஈடாக, வளர்க்க வைத்திருந்த பெட்டைக் குட்டிகளையும் சேர்த்து மொத்த மந்தையையும் கொடுத்தோம். விதை நெல்லை எடுத்து உலையில் போட்ட கதைதான். அப்படியும் வேலூருக்கு எட்டவில்லை. கட்டுப் போட்டு, கால் கூடியது, கொஞ்சம் குட்டையாக. அப்பா அதற்குப் பிறகு மரம் ஏறவில்லை. அடுத்த ஆடி வருவதற்குள் அக்கா திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாள். அவள் அனுப்பியதில்தான் நான் படித்தேன், பொருளியல்.

தேர்வு அறையில் எல்லாப் பேனாவும் தற்செயலாக ஒரே நேரத்தில் நின்றுவிட்டால் இன்றைக்கும் எனக்கு முதுகு கூசும். வேண்டுமென்றே நாற்காலியை இழுத்துச் சத்தம் போடுவேன். பிள்ளைகள் என்னைச் சிடுமூஞ்சி என்கிறார்கள். போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஓடைக்கு அந்தப் பக்கம் உண்ணி ஆள் உயரத்துக்கு அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஊரில் பாதி வீடு பூட்டு. மந்தை என்று ஒன்று கிடையாது. கார்டு வந்தாலும் ஓடுவதற்கு ஆள் இல்லை.

தாள் திருத்திய அன்று சாயங்காலம் அக்காவுக்குப் போன் போட்டேன். அந்தப் பையனின் ஏடிஎம்மைச் சொன்னேன். தையல் மிஷின் இரைச்சலுக்கு நடுவே விழுந்து விழுந்து சிரித்தாள். "மார்க்கு போட்டியாடி அந்தப் புள்ளைக்கு?"

"முழுசா போட்டேன்க்கா." பிறகு வாய் சும்மா இருக்காமல், ஸ்கூலில் உண்ணி வெட்டினார்கள், அந்த வாடைக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தினேன் என்றும் சொன்னேன்.

அக்கா சிரிப்பதை நிறுத்தினாள்.

"புளிய எல வெச்சிருக்கலாம்டி நானு," என்றாள். "வேற எந்த எல வெச்சிருந்தாலும் எதுனா ஒரு ஆடு புடுங்கித் தின்னிருக்கும். சுட்டி மணி அடிச்சிருக்கும். அது அங்கயேதான் எங்கனா நின்னுனு இருந்திருக்கும்."

இத்தனை வருஷத்தில் அவள் இதை ஒரு தரம்கூடச் சொன்னதில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அங்கே டீ நேரம் போலிருக்கிறது, மிஷின்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன.

"அக்கா," என்றேன். "அக்கா, அங்க கீறியா?"