கதவுக்குள் நின்ற தண்ணீர்

எங்கள் சித்தப்பாவுக்குப் புத்தி பேதலித்திருந்ததாக லண்டன் ஹரோவில் ஒரு கதை இன்றும் உலவுகிறது. கல்யாண வரவேற்புகளில், என் செவிக்கு எட்டாது என்ற நம்பிக்கையில் அதைச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது நடந்த அன்று எங்கள் வீட்டு முற்றத்தில் நின்ற பிள்ளை நான் ஒருத்தியே. ஆகவே, உள்ளதை உள்ளபடி எழுதுவது என் கடமையாகிறது.

எண்பதுகளின் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களுடன் தங்கியவர் சித்தப்பா. அப்பா கணக்காளர். எங்கள் தெருவில் புல்லைக்கூட அளவு பார்த்தே வெட்டுவார்கள். அத்தகைய தெருவில் சித்தப்பா ஒரு பழைய பிக்கப்பைக் கொண்டுவந்து நிறுத்தினார். மொத்தச் சந்தையிலிருந்து டூட்டிங் பகுதித் தமிழ்க் கடைகளுக்கு மரக்கறி ஏற்றுவது அவர் திட்டம். ஊரிலும் அவர் பிக்கப்தான் ஓட்டினார். அங்கே அது கடைசியாக எதை ஏற்றியது என்பது எங்கள் வீட்டில் பேசப்படாத பொருள்.

அம்மா நீற்றுப்பூசணிக்காயைக் குடைந்து, உள்ளே குங்குமம் கரைத்து, வாகனத்தின் முன்னால் உடைக்க ஆயத்தமானார். சித்தப்பா மறித்து, ஓர் எலுமிச்சங்காயை நீட்டினார்.

"தேசிக்காய் காணும், அண்ணி. வாகனத்துக்குக் கிட்டச் சிவப்பு வேண்டாம்."

அம்மா அதை லண்டன் நாகரிகம் என்று எடுத்துக்கொண்டார்.

குளிர்காலத்தில் பனி உறையாதிருக்கக் கவுன்சில் தெருவெங்கும் உப்புத் தூவும். உருளும் சில்லுகள் எற்றும் கற்கள் பூச்சைப் பெயர்த்த இடத்தில் அந்த உப்பு ஏறி, இரும்பு துருத்துக் கறள் பிடிக்கும். இவ்வளவும் சித்தப்பா சொல்லித் தெரிந்தது. அவர் பிக்கப்பின் அடியில் மல்லாந்து படுத்து, கம்பித் தூரிகையால் கறளைச் சுரண்டினார். கடைக்காரர் கொடுத்த சிவப்பு அடிப்பூச்சைத் திருப்பிக் கொடுத்துச் சாம்பல் நிறம் வாங்கிவந்தார். அதன்மேல் தார் போன்ற கறுப்புக் கலவை. கல்லெறியைத் தாங்கச் சில்லுகளுக்குப் பின்னால் றப்பர் மட்டைகள். சாமான் ஏற்றும் தட்டு முழுவதும் தடித்த றப்பர் விரிப்பு. இறுதியாக, தட்டிலும் கதவுகளின் அடியிலும் இருந்த சிறு துளைகள் அனைத்தையும் தேடித்தேடி மக்கு வைத்து அடைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார்.

"ஒரு சொட்டும் கீழை விழாது, என்ன பிள்ளை?"

விழாது என்று உறுதியளித்தேன்.

வசந்தகால மழைக்குப் பின் ஒரு சனிக்கிழமை, என்னைத் தமிழ் வகுப்புக்கு ஏற்றிச் சென்றார். பிரேக் பிடித்தபோது கதவுக்குள் ஏதோ முன்னோக்கி நகர்ந்தது. புறப்பட்டபோது பின்னே சென்றது. திருப்பங்களில், படுத்திருக்கும் ஒருவர் நோவோடு புரள்வது போன்ற ஒலி என் முழங்காலருகே கேட்டது. சித்தப்பா வானொலியை நிறுத்தினார். தெருவில் குழியே இல்லாத இடத்திலும் குழிகளைத் தவிர்ப்பவர்போல் வளைந்து வளைந்து ஓட்டினார். பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். அவர் தலையைச் சற்றே பின்னுக்குச் சாய்த்து, தணிந்த குரலில் சொன்னார்:

"கொஞ்சம் பொறுங்கோ. வந்திட்டம்."

பின் கண்ணாடியூடாகப் பார்த்தேன். கறுப்பு றப்பர்மேல் இரண்டு வெற்றுப் பெட்டிகள் இருந்தன. வேறொன்றுமில்லை. என்னிடம் சொன்னதாக எண்ணி "ஓம்" என்றேன். அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். நான் அங்கிருப்பதையே மறந்துபோயிருந்தார்.

வருடாந்தப் பரிசோதனை நெருங்கியது. அதில் தேறாவிட்டால் பிக்கப் தெருவை விட்டே போகவேண்டும் என்று அப்பா அறிவித்திருந்தார். பிக்கப் போனால் சித்தப்பாவின் பிழைப்பும் போகும். எனவே மன்னாரைச் சேர்ந்த மெக்கானிக் ஒருவர், தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்த கையோடு வந்து பார்த்தார். கதவை ஆட்டியதும் சிரித்தார்.

"என்ன அண்ணை, கதவுக்கை மீன் வளக்கிறியளோ? இந்த ஓட்டையள் கண்ணாடி இடுக்காலை இறங்கிற மழைத்தண்ணி போறதுக்கல்லோ விட்டிருக்கிறாங்கள்."

குனிந்து, கதவின் அடியில் இருந்த மக்கை ஸ்க்ரூ டிரைவரால் குத்தினார். கறள் கலந்த தண்ணீர், தடித்த செந்நிறத்தில், முற்றத்துக் கல்லில் கொட்டி ஓடியது.

சித்தப்பா முழந்தாளிட்டு இரு கைகளையும் ஏந்தினார்.

"ஒழுக விடாதேங்கோ. ஆசுப்பத்திரி கிட்டத்தான்."

விரலிடுக்குகளால் அது வழிந்துகொண்டேயிருந்தது. கறள் என்றால் என்ன என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்த நான், அது கறள் தண்ணீர் என்று அவருக்கு விளக்கினேன். அவர் நிமிரவில்லை. பின்னால் யாராவது முனகுகிறார்களா என்று ஏறிப் பார்க்கச் சொன்னார். நான் சொன்னதைச் செய்யும் பிள்ளை. சில்லில் கால் வைத்து ஏறினேன். விரிப்பைக்கூடத் தூக்கிப் பார்த்தேன். ஒருத்தரும் இல்லை என்றேன்.

"எல்லாரையும் இறக்கியாச்சோ?"

நான் மறுபடியும் விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். மெக்கானிக்கின் சிரிப்பு எப்போதோ நின்றுவிட்டிருந்தது. அவர் சித்தப்பாவுக்குப் பக்கத்தில் ஈரக் கல்லிலேயே, பூசைக்கு உடுத்த உடுப்போடு உட்கார்ந்தார்.

"ஓம் அண்ணை. எல்லாரையும் இறக்கியாச்சு."

எதிர்வீட்டுத் திரைச்சீலை அசைந்தது. அது தமிழ் வீடு. பெயின்ற் மணத்தில் தம்பிக்குத் தலை சுற்றிவிட்டது என்று அப்பா அந்தத் திசையை நோக்கி உரத்துச் சொன்னார். அதுவே எங்கள் குடும்பத்தின் அதிகாரபூர்வமான விளக்கமாக நிலைத்தது.

மெக்கானிக் ஏனைய துளைகளையும் திறந்து, கறள் தின்ற இடங்களுக்குத் தகடு ஒட்டிக் கொடுத்தார். பிக்கப் பரிசோதனையில் தேறியது. ஊரில் ஷெல் விழுந்த ஒரு பகலில் சித்தப்பா காயப்பட்டவர்களைத் தட்டில் கிடத்தி ஓட்டிச் சென்றதையும், ஆசுப்பத்திரி வாசல்வரை தட்டின் துளைகளால் ஒழுகிய இரத்தக் கோடு தெருவில் கிடந்ததையும் பல ஆண்டுகளின் பின் அப்பா ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். எங்கள் வீட்டில் எவருக்கும் புத்தி பேதலிக்கவில்லை.

ஆனால் அந்த வயதில் நான் கண்டது இவ்வளவே: மழை விட்டதும் சித்தப்பா வெளியே போவார். பிக்கப்பின் அருகே குந்தி, துளையொன்றின் கீழே உள்ளங்கையை ஏந்துவார். விழும் நீரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அது தெளிந்த நீராக இறங்கும்வரை எழும்பமாட்டார். கறளுக்கு இவ்வளவு பயப்படும் மனிதர் லண்டனிலேயே இல்லை என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.